ஹட்டனில் ஒன்று, கொழும்பில் அதே மாதிரி ஒன்று

இரண்டு பெட்டிகளைத் தூரதூரமாக வைத்து, ஒன்றில் எழுதியதை மற்றதும் தானாகவே எழுதிக்கொள்ளும்படி செய்கிற வேலையில் ஒரு விசேஷம் உண்டு: ஒழுங்காக நடந்தால் இப்படியொரு வேலை நடப்பதே யாருக்கும் தெரியாது, நடக்காவிட்டால் உங்கள் பெயர் எல்லாத் தோட்டத்துக்கும் தெரிந்துவிடும். சேர்வர் அறைக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சகோதர சகோதரிகளே, இது உங்களுக்காகத்தான். மற்றவர்களும் வாசிக்கலாம், சிரிப்பதற்கு ஒன்றும் தெரிந்திருக்கத் தேவையில்லை.

நல்ல செய்தி

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து, ஹட்டன் டவுனில் மாடிப்படி ஏறி கம்பியூட்டர் வகுப்பு முடித்து, கல்யாணம் கட்டி, ஒரு பெண் பிள்ளையையும் பெற்ற பிறகுதான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. ஒரு தேயிலைக் கம்பனியின் ஹட்டன் அலுவலகம். சுற்றியுள்ள தோட்டங்களில் அன்றன்றைக்கு நிறுத்த கொழுந்து, வேலைக்கு வந்தவர்களின் பெயர், எல்லாம் சாயந்தரம் டெலிபோன் லைன் வழியாக எங்கள் சேர்வருக்கு வந்து சேரும். அந்தச் சேர்வர் இருக்கும் அறைக்கு நான்தான் பொறுப்பு. என் வீட்டுக்காரர் டிக்கோயாப் பக்கம் ஒரு ஃபெக்டரியில் கரண்ட் வேலை பார்க்கிறார். மகள் திவ்யா டவுனில் நேர்சரி போகிறாள். நேர்சரி விட்ட பிறகு பக்கத்து வீட்டு அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்வார், அதற்குள் நான் போய்விடலாம். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பிள்ளையை விட்டுவிட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போன தாய்மார் இருக்கிறார்கள். தீபாவளிக்கு வருவார்கள். பிள்ளை கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு யாரோ மாமி வந்திருப்பதாகச் சொல்லும். அதனால் ஹட்டனிலேயே ஓர் உத்தியோகம் என்பது எனக்கு எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒருநாள் கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து மனேஜர் வந்தார். ஹட்டன் சேர்வரில் இருப்பது அத்தனையும் கொழும்பிலும் ஒரு சேர்வரில் இருக்க வேண்டும், இங்கே ஓர் எழுத்து மாறினால் அங்கேயும் மாற வேண்டும், ஒன்று பழுதானாலும் மற்றது வேலை செய்ய வேண்டும் என்றார். புது வேலை, புதுப் பெட்டி, எனக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. போகும்போது மனேஜர் என்னை உற்சாகப்படுத்த நினைத்து வாசலில் நின்று சொன்னார்: "நல்லா செய்ங்க மிஸ். நீங்க எவ்வளவு நல்லா செய்றீங்களோ அவ்வளவு சீக்கிரம் கொழும்பிலயே எல்லாத்தையும் பார்த்துக்கலாம், இந்த ரூமை மூடிடலாம்."

மடியில் எது, தரையில் எது

கெட்டியாகச் செய்தால் வேலை போகும், கெடுத்துச் செய்தாலும் வேலை போகும். சரி, நல்ல பெயரோடாவது போவோம் என்று தொடங்கினேன்.

பெட்டிகளைப் பொருத்த, விற்ற கம்பனியிலிருந்து சுனில் என்று ஒரு சிங்களப் பொடியன் வந்தான். என்னை நங்கி, அதாவது தங்கச்சி, என்று கூப்பிடுவான். இத்தனைக்கும் அவனுக்கு என்னைவிட வயது குறைவு. முதல் தடவை இருப்பது முழுவதையும் அனுப்ப வேண்டும், அதற்குப் பிறகு மாறுவது மட்டும் போனால் போதும் என்று விளக்கினான். எங்கள் லைனோ ஓடைத் தண்ணீருக்குப் போட்ட மெல்லிய குழாய் மாதிரி. முழுவதும் போய்ச் சேர்வதற்குள் திவ்யா பெரிய பிள்ளையாகிவிடுவாள். சுனில் தலையைச் சொறிந்துவிட்டு, எல்லாவற்றையும் இரும்புப் பெட்டி மாதிரி இருந்த ஒரு டிஸ்க்கில் ஏற்றி பஸ்ஸில் கொண்டு போகச் சொன்னான். உலகத்தின் புதுத் தொழில்நுட்பம் அப்படித்தான் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் டிக்கட் எடுத்தது.

அன்றைக்கு நேர்சரி லீவு. ஆகவே ஒரு கையில் திவ்யா, மறு கையில் டிஸ்க். குலுக்கக் கூடாது, ஈரம் படக் கூடாது, கீழே வைக்கக் கூடாது என்று சுனில் சொன்ன எதையும் என் மகளைப் பற்றி யாரும் எனக்குச் சொன்னதில்லை. டிஸ்க்கை அவளுடைய கம்பளிப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். மகள் என் காலடியில் பையின் மேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றாள். கினிகத்தேனை வளைவுகளில் பஸ் சாயும்போதெல்லாம் என் கை தானாகப் போர்வையை அணைத்துக்கொண்டது. பக்கத்து சீட்டில் இருந்த அம்மா ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு மெல்லப் போர்வையின் நுனியை விலக்கி உள்ளே பார்த்துவிட்டு, முகம் சுண்டிக் கேட்டார்: "ஏம்மா, பெத்தத தரையில போட்டுட்டு ரேடியோ பொட்டிக்கா இப்புடி தட்டிக்குடுத்துட்டு வர்ற?"

கொழுந்து எங்கே?

சண்டை நடந்த அந்தக் காலத்தில் கொழும்புக்குள் நுழைவதென்றால் சோதனைச்சாவடிகள். பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். தமிழ்ப் பெயர், மலைநாட்டு விலாசம், கையில் போர்வை சுற்றிய இரும்புப் பெட்டி. என்னைப் பார்த்ததும் வரிசையில் முன்னால் நின்றவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்கள். எனக்கும் என்னைவிட்டுத் தள்ளி நிற்கத்தான் ஆசை.

பெண் பொலிஸ் ஒருவர் பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். எங்கள் எல்லாத் தோட்டத்துக் கொழுந்தும் அந்தப் பெட்டிக்குள் ஆடியது. "ஆட்டாதீங்க நோனா!" என்று கத்தியே விட்டேன். அதுதான் பிழை. இன்னும் இருவர் வந்தார்கள். உள்ளே என்ன என்றார்கள். கணக்கு, கொழுந்து, தேயிலை என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அடுக்கினேன். அலுவலகக் கடிதத்தைக் காட்டினேன். அவர்கள் கடிதத்தைப் பார்த்தார்கள், பெட்டியைப் பார்த்தார்கள், திவ்யாவைப் பார்த்தார்கள். திவ்யா தன் பிஸ்கட்டில் பாதியை அந்தப் பொலிஸ் அம்மாவிடம் நீட்டினாள். அவர் முகம் கொஞ்சம் இளகியது. பெட்டியை என் கையில் திருப்பித் தந்தபடி சொன்னார்: "நல்ல தேயிலையெல்லாம் இதுக்குள்ள போட்டு அனுப்பிட்டுத்தான் கடையில எங்களுக்குத் தூசிய விக்கிறீங்களா?"

இன்னும் வரவில்லை

டிஸ்க் போய்ச் சேர்ந்தது, கொழும்புச் சேர்வர் நிறைந்தது, அதன் பிறகு மாற்றங்கள் மட்டும் லைனில் போகத் தொடங்கின. போகத் தொடங்கின என்றா சொன்னேன்? வெயில் அடித்தால் போயின. மழை பெய்தால் நின்றன. எங்கள் ஊரில் எது அதிகம் என்று உங்களுக்குத் தெரியும். காலையில் வந்ததும் முதல் வேலை, நேற்று எழுதியதெல்லாம் அங்கே போய்விட்டதா என்று கொழும்பைக் கூப்பிட்டுக் கேட்பது. லீவு நாட்களில் திவ்யாவும் என்னோடு வந்து மேசைக்கடியில் விளையாடுவாள்.

நேர்சரி டீச்சர் ஒருநாள் பிள்ளைகளிடம் உங்கள் அம்மா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டிருக்கிறார். கொழுந்து பறிக்கிறார், கடை வைத்திருக்கிறார், தைக்கிறார் என்று ஒவ்வொன்றும் சொன்னதாம். என் மகள் எழுந்து நின்று சொன்னதை டீச்சர் என்னிடம் அப்படியே ஒப்பித்தார்: "எங்கம்மா போனை எடுத்து வந்துருச்சா வந்துருச்சான்னு கேப்பாங்க. இன்னும் வரல டீச்சர்."

சிட்டாய்ப் பறந்தது

எங்கள் அலுவலகத்தில் தியாகு என்று ஒரு கிளாக்கர். வேலையில் சூரன், அவசரத்தில் அதைவிடச் சூரன். கொழும்பில் பிரதி இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து தம்பிக்குக் கொஞ்சம் துணிச்சல் கூடிவிட்டது. பழைய கோப்புகளைத் துப்புரவு செய்கிறேன் என்று உட்கார்ந்தான். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் அந்த மாதக் கொழுந்து முழுவதையும் சேர்த்துத் துடைத்துவிட்டான்.

ஓடி வந்தவன் முகத்தில் கவலையே இல்லை. "அக்கா, கொழும்புல இருந்து எடுத்துப் போடுங்க" என்றான், கடையில் பருப்பு நிறுக்கச் சொல்வது போல. நான் கொழும்பைத் திறந்து பார்த்தேன். அங்கேயும் துடைத்து வைத்திருந்தது, பளிச்சென்று. இங்கே எழுதியது அங்கே எழுதப்படும் என்றால் இங்கே அழித்தது அங்கே அழிக்கப்படும் என்பதுதானே அர்த்தம்? அதுதான் பிரதி. போன வாரம் நான் சேர்வரைப் பதிந்து எடுத்து வைத்த நாடா இருந்ததால் பாதி பிழைத்தது. மீதியைத் தோட்டத்து ஆட்கள் மறுபடி தட்டி அனுப்பினார்கள், தியாகுவுக்கு வேண்டிய வார்த்தைகளையும் போனில் தனியாக அனுப்பினார்கள். எல்லாம் முடிந்த பிறகு அவன் பெட்டியின் முன் நின்று அதைக் கோபமாகப் பார்த்துச் சொன்னான்: "நல்லத அனுப்பச் சொன்னா மூணு நாளா முக்குது, அழிச்சத மட்டும் எப்புடிக்கா சிட்டா கொண்டு போய் சேத்துச்சு?"

பெட்டிக்கும் ஒரு லீவு

இனி வருவதுதான் என் வேலைக்கு உலை வைத்த கதை.

எங்கள் பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். நேரத்துக்கு வருவார், நேரத்துக்குப் போவார், சாமி காரியத்தில் ஒரு சுழி பிசகாது. அவர் வாணி விழா என்பார், நாங்கள் ஆயுத பூசை என்போம், ஆனால் கடலை ஒன்றுதான். அந்த நாளில் தோட்டத்தில் கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, ஃபெக்டரியின் ரோலர், லொறி, எல்லாம் கழுவிப் பொட்டு வைத்து ஓய்வில் இருக்கும். மறுநாள் பூசை முடித்துத்தான் தொடுவோம். அலுவலகத்திலும் டைப்ரைட்டர் முதல் ஸ்டேப்ளர் வரை வரிசையாக உட்காரும். அந்த வருஷம் சேர்வரும் உட்கார வேண்டும் என்றார். இது நிற்கவே கூடாத பெட்டி ஐயா என்றேன். கேட்பாரா?

கொழும்பு மனேஜருக்குப் போன் போட்டு, நாளைக்கு ஆயுத பூசை சேர், சேர்வருக்கும் லீவு கொடுக்கச் சொல்கிறார்கள் என்றேன். நான் பகிடி விடுவதாக நினைத்து அவர் நன்றாகச் சிரித்துவிட்டு, கடலை அனுப்பி வைக்கச் சொல்லி வைத்துவிட்டார். மேலிடத்து அனுமதி கிடைத்தாயிற்று. பெட்டியின் காற்றுத் துளைகளில் சந்தனம் அப்பாமல் கதவில் மட்டும் பொட்டு வைக்க வைத்ததுதான் அன்று என் சாமர்த்தியம். சுவிட்ச் ஆளியில் கை வைத்தபடி ஒரு தடவை தயங்கினேன். பெரிய கிளாக்கர் கற்பூரத் தட்டோடு காத்துக்கொண்டு நின்றார்: "நிப்பாட்டும் பிள்ளை. ரோலரே ஒரு நாள் சும்மா நிக்குது, உம்முடைய பெட்டி என்ன அதைவிட உழைச்சுக் களைச்சதோ?"

இரண்டு தலைவர்கள்

ஹட்டனிலிருந்து மூச்சுப் பேச்சில்லை என்றால் ஹட்டன் பெட்டி செத்துவிட்டது, இனி நானே தலைமை என்று கொழும்புப் பெட்டி நினைத்துக்கொள்ளும். சுனில் அப்படித்தான் அமைத்திருந்தான். அதுபடியே அது பொறுப்பைக் கையில் எடுத்தது. தோட்டத்துக் கம்பியூட்டர்களுக்கும் ஹட்டன் எடுக்காவிட்டால் கொழும்பைக் கூப்பிடு என்று சொல்லி வைத்திருந்தான்.

மறுநாள் பூசை முடிந்து, தேங்காய் உடைத்து, நான் ஆளியைப் போட்டேன். எங்கள் பெட்டி பொட்டும் பூவுமாக எழுந்து, தானே தலைமை என்று பழையபடி வேலையைத் தொடங்கியது. அது செத்ததும் தெரியாது, வாரிசு பட்டம் கட்டியதும் தெரியாது. டிக்கோயாப் பக்கத் தோட்டங்கள் ஹட்டனில் எழுதின. முதல் நாள் மிச்சக் கணக்கை அனுப்பும்போது ஹட்டன் எடுக்காததால், பொகவந்தலாவைப் பக்கத் தோட்டங்கள் கொழும்பிலேயே எழுதிக்கொண்டிருந்தன. சாயந்தரம் பார்த்தால் இரண்டு பெட்டியிலும் இரண்டு கதை, இரண்டுமே பாதி உண்மை. யார் யாரைப் பார்த்து எழுதுவது? நல்ல காலமாக, ஒன்றை ஒன்று அழிப்பதற்குள் நான் லைனைப் பிடுங்கிவிட்டுச் சுனிலைக் கூப்பிட்டேன். பெட்டி செத்ததா நங்கி என்றான். இல்லை தம்பி, சாமி கும்பிட்டது என்றேன். போனில் அவன் பக்கத்தில் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் மெதுவாகச் சொன்னான்: "செத்த மெஷினை எழுப்ப எனக்குத் தெரியும் நங்கி. கோயில் பன்சலைக்குப் போய் திரும்பி வந்த மெஷினுக்கு என்ன செய்றதுன்னு எங்க புத்தகத்துல ஒண்ணும் எழுதல்ல."

பாராட்டு

சுனில் வந்து சேர்ந்தான். நானும் அவனும் தோட்டம் தோட்டமாகப் போன் போட்டு, யார் எந்தப் பக்கம் எழுதினார்கள் என்று கேட்டு, இரண்டு கதையையும் ஒன்றாகத் தைத்தோம். ஒருவருடைய பெயரும் விடுபடவில்லை. கொழும்புப் பெட்டியில்தான் கூடுதலாக எழுதியிருந்ததால், இப்போதைக்கு அதுவே தலைமையாக இருக்கட்டும், ஹட்டன் அதைப் பார்த்து எழுதட்டும் என்று முடிவானது. பெரிய கிளாக்கர் எங்கள் இருவருக்கும் தன் கையாலேயே தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அவருடைய மன்னிப்பு அந்த அளவுதான் வரும், அது போதும்.

இதில் சந்தோஷப்பட்டவர் கொழும்பு மனேஜர் ஒருவர்தான். ஹட்டன் ஒரு நாள் முழுக்க மூடிக்கிடந்தும் வேலை நடந்திருக்கிறதே! அதைவிட என்ன சோதனை வேண்டும்? வருகிற வாரம் வேனோடு வந்து பெட்டியை ஏற்றிக்கொண்டு போவதாகவும், எனக்கு விருப்பமென்றால் கொழும்பில் ஒரு மேசை தருவதாகவும் சொன்னார். அன்று வீட்டுக்குப் போய் திவ்யாவின் சொக்ஸை ரொம்ப நேரம் மடித்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து மற்றச் சோடியை எடுத்து மடித்தார், அவருக்குப் புரிந்துவிட்டது. மனேஜர் போனில் சொன்ன கடைசி வரி மட்டும் காதிலேயே நின்றது: "நீங்க செஞ்ச வேலை அவ்வளவு பெர்ஃபெக்ட் மிஸ், இனி நீங்களே தேவையில்லை."

வேன் வந்த நாள்

சொன்னபடி வேன் வந்தது. மனேஜர் முன் சீட்டில், சுனில் பின்னால் கயிறும் பஞ்சு மெத்தையுமாக. நான் மேசை இழுப்பறையைக் காலி செய்து வைத்திருந்தேன். தியாகு என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தான், ஏற்கனவே துடைத்த ஜன்னலை. பெரிய கிளாக்கர் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டுத் தன் கோப்பையோடு கதவில் சாய்ந்து நின்றார்.

சுனில் வயரில் கை வைத்துவிட்டு, கொழும்பில் இதை எங்கே வைப்பது என்று கேட்டான். மனேஜர் பெருமையாக, மற்றதற்குப் பக்கத்திலேயே இடம் செய்தாயிற்று, தோளோடு தோள் என்றார். சுனில் வயரிலிருந்து கையை எடுத்தான். "அப்ப அங்க ஒரு பைப் வெடிச்சா ரெண்டும் நனையும் சேர். கரண்ட் அடிச்சா ரெண்டும் போகும். பக்கத்துல வைக்கிறதுக்கா இவ்வளவு தூரம் லைன் இழுத்தோம்?" மனேஜர் கோப்பையை வாய்க்குக் கொண்டு போனவர் அப்படியே நின்றார். இரண்டாவது பெட்டி எங்கேயாவது தூரத்தில்தான் இருக்க வேண்டுமா என்றார். ஆமாம், கரண்ட் வேறாக, கட்டடம் வேறாக, லைன் ஏற்கனவே போட்ட இடமாக, பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஓர் ஆளும் இருக்கிற இடமாக என்றான் சுனில். மனேஜர் நெற்றியைத் தேய்த்தார். கண்டி என்றார், கொஞ்சம் யோசித்து நீர்கொழும்பு என்றார், நுவரெலியாவில் ஏதும் வாடகைக்குக் கிடைக்குமா என்றார். தியாகு துணியைப் பிடித்தபடி சிலையாகிவிட்டான். அப்போது கதவுப் பக்கமிருந்து பெரிய கிளாக்கர், தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "ஹட்டன் எண்டு ஒரு இடம் இருக்குதாம் சேர், ஒருக்காப் போய்ப் பாத்தா என்ன?"

அப்படியாக, என்னைப் போல் அல்லல்படும் அன்பர்களே, தேவைப்படும் நாள் வந்துவிடக் கூடாதே என்று எல்லாரும் வேண்டிக்கொள்கிற ஒரு பெட்டிக்குக் காவல் இருக்கும் உத்தியோகத்தில் இப்போது நான் நிரந்தரம், வேன் மட்டும் பஞ்சு மெத்தையோடு வெறுமனே கொழும்புக்குத் திரும்பிப் போனது.